கோவில் வேனுக்கு ரீகண்டிஷன் ரேடியோ வேணாம்

நேத்து கமிட்டி கூட்டத்துல மறுபடியும் அதே பேச்சு. ஹாஃப் கட் கடையில ஜப்பான் ரேடியோவும் ஆம்பும் மலிவா கிடைக்குதாம், உண்டியல் பணம் மிச்சமாம். சொன்னவங்க நல்ல மனசோடதான் சொன்னாங்க. ஆனா நாங்க ஒத்துக்க மாட்டோம்.

போன தைப்பூசத்துக்கு அப்படித்தானே வாங்கினோம்? 'புதுசு மாதிரி'ன்னாங்க. முகப்பைத் துடைச்சு பாலிஷ் போட்டிருந்தாங்க, அவ்வளவுதான். ஜப்பான்ல எஃப்எம் 76லேர்ந்து 90 மெகாஹெர்ட்ஸ்னு இருந்த காலத்துச் செட் அது. நம்ம நாட்டுல 87.5லேர்ந்து 108. மின்னல் எஃப்எம் 90க்கு மேல இருக்கு, எப்படி எடுக்கும்? அதுக்கு ஒரு சின்னப் பெட்டியை மாட்டி விட்டாங்க. திரையில ஒரு நம்பர், கேக்குறது வேற ஸ்டேஷன், நடுவுல இரைச்சல்.

அதை விடுங்க, பாட்டை பென்டிரைவ்ல போட்டுக்கலாம். ஆம்பைத் திறந்தப்பதான் வயித்தைக் கலக்கிடுச்சு. கெப்பாசிட்டர் தலை உப்பியிருக்கு. ஃபியூஸ் இருக்க வேண்டிய இடத்துல செம்புக் கம்பி! ஷார்ட் ஆனா ஃபியூஸ் முதல்ல அறுந்து வண்டியைக் காப்பாத்தணும். கம்பி அறுக்காது, ஒயர்தான் பத்திக்கும். அந்த வேன்லதான் தேவாரம் படிக்கிற பிள்ளைங்க ஏறுது. கற்பூரமும் எண்ணெய் டின்னும் பின்னாடி.

கடைக்காரர்கிட்ட போனோம். ரசீது இல்ல, வாரண்டி இல்ல. 'கோவிலுக்குன்னுதானே குறைச்சுக் கொடுத்தேன்'ங்கிறார்.

வர்ற ஞாயிறு அன்னதானம் முடிஞ்சதும் கமிட்டி கூடுது. அந்த ஆம்பை மேசையில வைக்கிறோம். மூடியைத் திறந்து பாத்துட்டு அப்புறம் கையைத் தூக்குங்க.