வதந்திக்கு வழக்கு மருந்தல்ல

2020 ஏப்ரல் 19 இரவு. கரோனாவால் இறந்த நரம்பியல் மருத்துவர் ஒருவரின் உடலை ஏற்றிக்கொண்டு சென்னையில் ஓர் ஆம்புலன்ஸ் இடம் தேடி அலைந்தது. கீழ்ப்பாக்கம் கல்லறையில் எதிர்ப்பு. அங்கிருந்து வேலங்காடு போனால் கல்லும் கட்டையும் பறந்தன. ஓட்டுநரும் மாநகராட்சிப் பணியாளர்களும் அடிபட்டார்கள். கடைசியில், உடன் பணியாற்றிய மருத்துவர் ஒருவரே நின்று மண்ணள்ளிப் போட்டு நள்ளிரவில் அடக்கம் செய்தார். புதைத்த உடலிலிருந்து மண் வழியாகவும் காற்று வழியாகவும் நோய் பரவும் என்ற பேச்சுதான் அந்தக் கூட்டத்தைத் திரட்டியது. அது பொய்யான பேச்சு.

ஒரே வாரத்தில் அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்தது. 1939-ஆம் ஆண்டின் தமிழ்நாடு பொதுச் சுகாதாரச் சட்டம் திருத்தப்பட்டது. தொற்றுநோயில் இறந்தவரின் இறுதிச் சடங்கைத் தடுப்போருக்கு ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை சிறை என்றானது. அந்தச் சட்டம் தேவையானதே. ஆனால், நடந்து முடிந்த அவமானத்துக்குத் தண்டனை தருவது வேறு. அது நடக்காமல் பார்த்துக்கொள்வது வேறு. அந்தத் தெருக்காரர்களிடம் முன்கூட்டியே போய், "எட்டடி ஆழத்தில் புதைக்கப் போகிறோம், யாருக்கும் ஒன்றும் ஆகாது, நானே கூட நிற்கிறேன்" என்று சொல்லியிருக்க வேண்டியவர் யார்? அந்த வார்டின் கவுன்சிலர். சென்னையின் 200 வார்டுகளில் ஒன்றில்கூட அன்று கவுன்சிலர் இல்லை.

இதை நாம் போதுமான அளவுக்கு நினைவில் வைத்திருக்கவில்லை. 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்த நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கு 2022 பிப்ரவரி 19-இல்தான் தேர்தல் நடந்தது. நடுவில் ஐந்தாண்டுக்கும் மேல் மாநகராட்சிகளையும் நகராட்சிகளையும் பேரூராட்சிகளையும் தனி அலுவலர்கள் நடத்தினார்கள். ஊரகத்திலும் 2019 டிசம்பரில் 27 மாவட்டங்களுக்கு மட்டுமே தேர்தல் நடந்தது. காஞ்சிபுரம், விழுப்புரம், வேலூர், திருநெல்வேலி உள்ளிட்ட ஒன்பது மாவட்டங்கள் 2021 அக்டோபர் வரை காத்திருந்தன. ஆக, முதல் அலையும் இரண்டாம் அலையும் வந்து போனபோது தமிழ்நாட்டின் நகரங்கள் முழுவதிலும், கிராமங்களில் ஒரு பகுதியிலும், மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த உள்ளாட்சிப் பிரதிநிதி கிடையாது. வதந்தியை எதிர்கொள்வதில் நாம் சறுக்கிய இடங்களை ஆராய்ந்தால் இந்த வெற்றிடம் திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிறது.

அதிகாரிகள் உழைக்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. சென்னை மாநகராட்சியின் களப்பணியாளர்கள் ஆயிரக்கணக்கானோர் வெயிலிலும் மழையிலும் வீடு வீடாக ஏறி இறங்கினார்கள். தெருமுனைக் காய்ச்சல் முகாம்கள் நோயை முன்னதாகவே கண்டுபிடிக்கப் பெரிதும் உதவின. ஆனால், கதவைத் தட்டியவர்கள் கேட்டதெல்லாம் காய்ச்சல் இருக்கிறதா, இருமல் இருக்கிறதா என்பதைத்தான். "உங்களுக்கு என்ன பயம்? என்ன கேள்விப்பட்டீர்கள்?" என்று கேட்டுக் குறித்துக்கொள்வதும் அந்த வேலையின் பகுதியாக இருந்திருந்தால், எந்தத் தெருவில் எந்தப் பொய் உலவுகிறது என்பது மாலைக்குள் மாநகராட்சிக்குத் தெரிந்திருக்கும்.

அதற்குப் பதில், நிர்வாகத்தின் சில செயல்களே பயத்தை வளர்த்தன. தொற்று கண்ட வீட்டின் வாசலில் அறிவிப்பு ஒட்டப்பட்டது. சில இடங்களில் தகரம் வைத்து வாசலையே அடைத்தார்கள். நோயாளியைக் காக்க எடுத்த நடவடிக்கை அது. ஆனால் அந்தத் தகரம் அக்கம்பக்கத்தாரிடம் சொன்ன சேதி, "இங்கே குற்றவாளி இருக்கிறான்" என்பதுதான். காய்ச்சல் வந்தவர் அதை மறைக்கத் தொடங்கினார். வாசலில் இத்தகைய அறிவிப்புகளை ஒட்டத் தேவையில்லை என்று 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. அந்தத் தெருவில் வாக்குக் கேட்டு வந்தவரும் மறுபடி வரப்போகிறவருமான ஒருவர் நிர்வாகத்தில் இருந்திருந்தால், தகரம் வேண்டாம் என்று அவரே முதலில் சொல்லியிருப்பார்.

கபசுரக் குடிநீர் விநியோகத்தையும் இங்கே பார்க்க வேண்டும். எதிர்ப்பாற்றலுக்காக என்று சொல்லி அரசும் உள்ளாட்சிகளும் அதை வழங்கின. எதற்கு அது உதவும் என்று சொன்ன அளவுக்கு, எதற்கு உதவாது என்று சொல்லப்படவில்லை. குடித்தவர்களில் பலர் இனி நோய் அண்டாது என்று எடுத்துக்கொண்டார்கள். கரோனாவுக்கு மருந்து கண்டுபிடித்துவிட்டதாக முழங்கிய போலி வைத்தியரைக் காவல் துறை கைது செய்தது சரிதான். ஆனால், அரைகுறைச் செய்தியோடு கையில் கொடுக்கப்படும் கோப்பையும் ஒருவகையில் தவறான தகவலே. இந்த வேறுபாட்டை விளக்கிச் சொல்வது சித்த மருத்துவத்தை இழிவுபடுத்துவதாகாது. அதற்குச் செய்யும் மரியாதை அது.

இன்னொரு சறுக்கல் இதைவிடப் பெரியது. 2020 ஜூனில், சென்னை மாநகராட்சியின் இறப்புப் பதிவேட்டில் இருந்த மரணங்கள் பல, சுகாதாரத் துறையின் அன்றாடக் கணக்கில் இல்லை என்பது வெளியே வந்தது. குழு அமைத்து ஆராய்ந்த பிறகு, ஜூலை 22 அன்று 444 மரணங்கள் ஒரே நாளில் பட்டியலில் சேர்க்கப்பட்டன. தவறைத் திருத்திக்கொண்டதற்காக அரசைப் பாராட்டலாம். ஆனால், அந்த ஒன்றரை மாதம் மக்கள் மனத்தில் விதைத்த சந்தேகத்தைத் திருத்தப் பட்டியல் ஏதும் உதவாது. "உண்மையான கணக்கைச் சொல்ல மாட்டார்கள்" என்று ஒருமுறை நம்பிவிட்டவர், அதே அரசு "தடுப்பூசி பாதுகாப்பானது" என்று சொல்லும்போது ஏன் நம்ப வேண்டும்? வதந்தி விளைவதற்கு வாட்ஸ்அப் மட்டும் போதாது; அதிகாரபூர்வமான மௌனமும் வேண்டும்.

அந்தச் சந்தேகத்தின் விலையை 2021-இல் கொடுத்தோம். ஜனவரி 16 அன்று தடுப்பூசி இயக்கம் தொடங்கியபோது சுகாதாரப் பணியாளர்களிடையேகூடத் தயக்கம் இருந்தது. ஏப்ரல் 15 அன்று நடிகர் விவேக், மக்களுக்கு நம்பிக்கையூட்ட ஓமந்தூரார் அரசு மருத்துவமனைக்கு வந்து தடுப்பூசி போட்டுக்கொண்டார். மறுநாள் மாரடைப்பு, 17 அன்று மரணம். இதயத்தின் முக்கிய ரத்தக் குழாயில் இருந்த அடைப்பே காரணம் என்று மருத்துவர்கள் உடனே விளக்கினார்கள். தடுப்பூசிக்கும் மரணத்துக்கும் தொடர்பில்லை என்ற நிபுணர் குழுவின் முடிவு அக்டோபரில்தான் வெளியானது. பயம் வீட்டுக்குள் நுழைய ஒரு பிற்பகல் போதுமாக இருந்தது. முறையான பதில் வர ஆறு மாதம் ஆயிற்று. இடைப்பட்ட நாள்களில் தொலைக்காட்சி விளக்கம் சென்னையைத் தாண்டி எட்டியிருக்கலாம், ஆனால் ஒரு தாயின் "எனக்குச் சர்க்கரை இருக்கிறதே, போடலாமா?" என்ற கேள்விக்குத் தொலைக்காட்சி பதில் சொல்லாது.

இவையெல்லாம் நமக்குப் புதியவையும் அல்ல. 2017 பிப்ரவரியில் தட்டம்மை–ருபெல்லா தடுப்பூசி முகாம் தொடங்கியபோது, ஒன்பது மாதம் முதல் 15 வயது வரையிலான பிள்ளைகளின் பெற்றோரை வாட்ஸ்அப் வதந்திகள் மிரட்டின. பள்ளிகளில் பெற்றோர் கையெழுத்திட மறுத்தார்கள். முகாமையே நீட்டிக்க வேண்டியதாயிற்று. 2020-க்கு மூன்றாண்டு முன்பே நமக்கு ஒத்திகை நடந்திருக்கிறது. அதிலிருந்து நாம் நிலையான ஏற்பாடு எதையும் உருவாக்கிக்கொள்ளவில்லை.

நன்றாக நடந்தவற்றிலும் பாடம் இருக்கிறது. 2021 செப்டம்பர் 12 அன்று 40,000 இடங்களில் நடந்த மெகா முகாமில் ஒரே நாளில் 28 லட்சத்துக்கும் அதிகமானோர் தடுப்பூசி போட்டுக்கொண்டார்கள். ஊசி மக்களைத் தேடித் தெருவுக்கு வந்ததே அந்த வெற்றியின் காரணம். பிறகு ஞாயிற்றுக்கிழமை முகாம்களுக்குக் கூட்டம் குறையக் காரணம் ஒன்று தெரியவந்தது: தடுப்பூசி போட்டால் கறி சாப்பிடக் கூடாது, மது அருந்தக் கூடாது என்று பலர் நம்பினார்கள். ஞாயிற்றுக்கிழமைக் கறிக்குழம்பை யார் விடுவார்கள்? அப்படிக் கட்டுப்பாடு எதுவும் இல்லை என்று அரசு விளக்கியது. கூடவே அக்டோபரில் முகாமைச் சனிக்கிழமைக்கு மாற்றியது. யார் மீதும் வழக்கு இல்லை. யாரையும் அறிவிலி என்று ஏளனம் செய்யவும் இல்லை. வதந்தி என்ன சொல்கிறது என்று காதுகொடுத்துக் கேட்டு, அதற்கேற்ப நிர்வாகம் தன்னை மாற்றிக்கொண்டது. நீலகிரியில் பழங்குடிக் குடியிருப்புகளிலும் இதே பொறுமைதான் கைகொடுத்தது. அவர்கள் நம்பும் சொந்த மனிதர்கள் வழியாகப் பேசியதால், வயதுவந்த பழங்குடியினரில் ஏறத்தாழ எல்லோருக்கும் 2021 நடுப்பகுதியிலேயே முதல் தவணை சென்று சேர்ந்தது.

வழக்கும் கைதும் வேண்டவே வேண்டாம் என்பதல்ல நம் வாதம். தெரிந்தே பொய் மருந்து விற்பவனையும், ஒரு மதத்தவர்தான் நோயைப் பரப்புகிறார்கள் என்று 2020-இல் நஞ்சு கக்கியவர்களையும் சட்டம் விட்டுவைக்கக் கூடாது. பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் 54-ஆவது பிரிவு, பொய்யான பீதியைக் கிளப்புவோருக்கு ஓராண்டு வரை சிறை என்கிறது. ஆனால், சித்தப்பா அனுப்பியதைக் குடும்பக் குழுவில் பகிர்ந்த பெண்மணியும் பொய் வியாபாரியும் ஒன்றல்ல. இரண்டாம் அலையில் ஆக்சிஜனும் படுக்கையும் கேட்டுச் சமூக ஊடகத்தில் எழுதியவர்கள் மீதே சில மாநிலங்களில் அதிகாரம் பாயப் பார்த்தது. அதை நீதிமன்ற அவமதிப்பாகக் கருதுவோம் என்று 2021 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றம் எச்சரித்தது. வதந்தி ஒழிப்பு என்ற பெயரில் கேள்வி கேட்பவர்களின் வாயை அடைக்கும் வழி எப்போதும் திறந்தே இருக்கிறது. எனவே, காவல் நிலையம் கடைசிப் படியாகவே இருக்க வேண்டும்.

கவுன்சிலரே வதந்தி பரப்பினால் என்ன செய்வது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. கட்சிக் கண்ணாடி போட்டு எல்லாவற்றையும் பார்ப்பவர்கள் அவர்களிலும் உண்டு. அதனால்தான் மருத்துவத் தகவலை வரையறுக்கும் பொறுப்பு நகர்நல அலுவலரிடமும் வட்டார மருத்துவ அலுவலரிடமும் இருக்க வேண்டும். அதை வீட்டு வாசல்வரை கொண்டுசேர்த்துப் பதில் சொல்லும் பொறுப்பு பிரதிநிதியிடம் இருக்க வேண்டும். தப்பாகச் சொன்ன கவுன்சிலரை மறுநாள் தேநீர்க் கடையில் பிடித்துக் கேட்க முடியும். அடுத்த தேர்தலில் தோற்கடிக்கவும் முடியும். கோப்பு பார்க்கும் தனி அலுவலரிடம் எந்தத் தெரு அப்படிக் கேட்கும்?

செய்ய வேண்டியவை கடினமானவை அல்ல. தொற்றுக் காலத்தில் வார்டு வாரியாக, ஊராட்சி வாரியாக நோய், இறப்பு, தடுப்பூசிக் கணக்கு அன்றன்றே அறிவிப்புப் பலகையில் எழுதப்பட வேண்டும். சிறப்பாக இருந்தாலும் மோசமாக இருந்தாலும் அதே எண். தெரியாததைத் தெரியாது என்றும், நேற்றுச் சொன்னது இன்று மாறியிருந்தால் ஏன் மாறியது என்றும் சொல்ல வேண்டும். தூய்மைப் பணியாளர், அங்கன்வாடி ஊழியர், கிராம சுகாதாரச் செவிலியர், சுய உதவிக் குழுப் பெண்கள் ஆகியோரின் ஐயங்களை முதலில் தீர்க்க வேண்டும். தானே நம்பாத ஒன்றைப் பிறர் நம்பும்படி எவராலும் சொல்ல முடியாது. கேட்ட வதந்திகளை அவர்கள் குறித்துத் தர, மறுநாளே பதில் தயாராக வேண்டும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் பணியாளர்கள் இன்று வீடு வீடாக அறிமுகமானவர்கள். இந்த வேலைக்கு அவர்களைவிடப் பொருத்தமானவர்கள் இல்லை. 2020 அக்டோபர் 2-இல் தொற்றைக் காரணம் காட்டிக் கிராம சபையை ரத்து செய்ததுபோல் இனி செய்யக் கூடாது. நோய்க் காலத்தில்தான் ஊர் கூடிப் பேச வேண்டும். திறந்த வெளியில், இடைவெளி விட்டு, சிறு சிறு கூட்டங்களாகக்கூடப் பேசலாம்.

இத்தனைக்கும் அடித்தளம் தேர்ந்தெடுக்கப்பட்ட உள்ளாட்சி. பொதுச் சுகாதாரத்தை உள்ளாட்சிகளின் பணியாக அரசமைப்புச் சட்டத்தின் 11, 12-ஆவது அட்டவணைகள் குறிப்பிடுகின்றன. பதவிக்காலம் முடியும் முன்பே அடுத்த தேர்தல் முடிந்திருக்க வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது. இருந்தும், 2019-இல் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சிகளின் காலம் 2025 ஜனவரி 5-உடன் முடிந்தபோது, அவை மீண்டும் தனி அலுவலர்களிடமே ஒப்படைக்கப்பட்டன. ஆளும் கட்சி மாறியும் பழக்கம் மாறவில்லை.

அடுத்த கொள்ளைநோய் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. உள்ளாட்சித் தேர்தல் எப்போது வர வேண்டும் என்பது சட்டத்தில் எழுதியிருக்கிறது. எழுதியிருப்பதை அரசு நிறைவேற்றட்டும். உள்ளாட்சித் தேர்தல் தள்ளிப்போகும் ஒவ்வொரு முறையும், அதைத் தங்கள் உடல்நலப் பிரச்சினையாகவே கருதி மக்கள் கேள்வி எழுப்பட்டும்.