சிறைக்கூடத்து மருத்துவம் எவர் கையில்?

வள்ளுவப் பெருந்தகை மருத்துவத்தை நான்கு கூறாக வகுத்தார். நோயுற்றவர், நோயைத் தீர்ப்பவர், மருந்து, அருகிருந்து உதவுபவர் என்பன அவை. 'மருந்து' அதிகாரத்தை நடத்தும் ஆசிரியர் எவரும் இந்நான்கையும் கரும்பலகையில் எழுதாமல் விடுவதில்லை. நான்கும் ஒருங்கே அமைந்தால் மருத்துவம் முழுமை பெறும் என்று மாணவர்க்கு விளக்குகிறோம். ஆயினும் ஓரிடத்தில் இக்கணக்குப் பொய்த்துப் போகிறது. அவ்விடம் சிறைச்சாலை. அங்கே நோயாளி இருக்கிறார், மருத்துவர் இருக்கிறார், மருந்து அலமாரியில் இருக்கிறது, தாதியும் இருக்கிறார். இவற்றுக்கெல்லாம் குறுக்கே ஐந்தாவதாக ஒருவர் நிற்கிறார். அவர் கையில் சாவி இருக்கிறது.

அந்தச் சாவிக்காரர் கதவைத் திறந்தால்தான் நோயாளி மருத்துவரிடம் வர முடியும். அவர் வண்டி கொடுத்தால்தான் வெளி மருத்துவமனைக்குச் செல்ல முடியும். ஆகவே, ஒரு மாநிலத்துச் சிறைகள் அனைத்திலும் மருத்துவப் பணிக்குத் தலைமை ஏற்பவர், அச்சாவிக்காரருக்குக் கீழ்ப்பட்ட பணியாளராக இருத்தல் கூடாது என்பதே இக்கட்டுரையின் வாதம். இதற்குச் சான்று தேடி நெடுந்தொலைவு சென்று, அமெரிக்க நாட்டை எடுத்துக்கொள்கிறேன். அங்கே சிறைவாசிகளுள் பெரும்பகுதியினர் மாநில அரசுகளின் பொறுப்பில் உள்ளனர். அவ்வரசுகள் செய்த பிழைகள் நீதிமன்ற ஏடுகளில் விரிவாகப் பதிவாகியிருப்பதால், ஊகத்துக்கு இடமில்லாமல் பேசலாம்.

1973ஆம் ஆண்டு டெக்சாஸ் மாநிலச் சிறையில் கேம்பிள் என்னும் கைதியின்மேல் வேலைநேரத்தில் ஒரு பஞ்சுப் பொதி விழுந்தது. முதுகுவலியோடு போராடிய அவர் தாமே மனு எழுதி வழக்குத் தொடுத்தார். 1976இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், கைதியின் கடுமையான நோயை வேண்டுமென்றே பொருட்படுத்தாதிருப்பது கொடுந்தண்டனைக்கு ஒப்பாகும். அரசமைப்புச் சட்டம் அதற்கு இடந்தரவில்லை என்று தீர்ப்புரைத்தது. அடைத்து வைக்கப்பட்டவன் தனக்குத்தானே மருத்துவம் தேடிக்கொள்ள இயலாது. ஆகவே அடைத்தவரே அதற்குப் பொறுப்பு என்பது அத்தீர்ப்பின் அடிப்படை. விந்தை யாதெனில், கேம்பிளை மருத்துவ ஊழியர்கள் பதினேழு முறை பார்த்திருந்தனர் என்று கூறி, மருத்துவர்களுக்கு எதிரான அவருடைய முறையீட்டை அதே நீதிமன்றம் ஏற்க மறுத்துவிட்டது. நெறி நிலைபெற்றது, அதை நிலைபெறச் செய்தவருக்கோ பயன் கிட்டவில்லை.

நெறி ஏட்டில் நிலைபெற்றதனால் நோயாளி பிழைத்தாரா? கலிபோர்னியா மாநிலத்தைப் பாருங்கள். உலகின் தலைசிறந்த மருத்துவக் கல்லூரிகள் சிலவற்றைக் கொண்ட மாநிலம் அது. அங்குள்ள சிறை மருத்துவத்தை எதிர்த்து 2001இல் வழக்குத் தொடுக்கப்பட்டது. 2002இல் அரசு குறைகளைத் திருத்துவதாக உடன்பட்டது. மூன்றாண்டுகள் சென்றபின், 2005இல், நீதிபதி தெல்டன் ஹெண்டர்சன் தம் ஆய்வின் முடிவை எழுதினார். அம்மாநிலச் சிறைகளில் ஆறு ஏழு நாளைக்கு ஒருவர், தவிர்த்திருக்கக்கூடிய சாவைச் சாகிறார் என்பதே அம்முடிவு. போரும் இல்லை, கொள்ளைநோயும் இல்லை. வாரத்துக்கு ஓர் உயிர் போய்க்கொண்டிருந்தது.

அவ்வுயிர்கள் எவ்வாறு போயின என்பதை 2011இல் உச்ச நீதிமன்றம் தன் தீர்ப்பில் எடுத்துக் காட்டியது. கடும் வயிற்றுவலியால் துடித்த ஒருவரைச் சிறப்பு மருத்துவரிடம் அனுப்ப ஐந்து வாரம் தாழ்த்தினர், அவர் மாண்டார். ஓயாத நெஞ்சுவலி கண்ட ஒருவரை மருத்துவர் வந்து பார்க்க எட்டு மணிநேரம் ஆயிற்று, அவரும் மாண்டார். விதையில் வலியென்று பதினேழு மாதம் முறையிட்ட இளைஞர் ஒருவருக்குப் புற்றுநோய் இருக்குமோ என்று எவரும் ஆராயவில்லை. புற்றுநோயே அவரைக் கொன்றது. ஏறத்தாழ 80,000 பேருக்கென்று கட்டிய சிறைகளில் அதைப்போல் இருமடங்கு மக்கள் அடைக்கப்பட்டிருந்தனர். பன்னிரண்டடிக்கு இருபதடி கொண்ட கூண்டில், மருத்துவரைக் காண்பதற்காக ஐம்பது நோயாளிகள் வரை ஐந்து மணிநேரம் காத்து நின்றதுண்டு.

ஈண்டு ஒரு குரல் எழும். "குற்றவாளிக்கு எதற்கய்யா இவ்வளவு பரிவு? வெளியே நேர்மையாக வாழும் ஏழைக்கே மருந்தில்லையே!" என்று கேட்பார் உளர். கேள்வியின் பின்பாதி உண்மை; ஆனால் அது ஏழைக்கு மருந்து வேண்டும் என்பதற்குத்தான் சான்றாகும்; கைதிக்கு வேண்டாம் என்பதற்கு ஆகாது. நீதிபதி ஒருவருக்கு ஐந்தாண்டுச் சிறை விதிக்கிறார். ஐந்தாண்டுச் சிறையும் கவனிப்பாரற்ற புற்றுநோயும் என்று விதிப்பதில்லை. சட்டம் கொடுக்காத தண்டனையைச் சோம்பலும் அலட்சியமும் கொடுக்குமானால், அந்நாட்டில் தண்டிக்கும் அதிகாரம் நீதிமன்றத்தை விட்டுச் சிறை வாயிலுக்குப் போய்விட்டது என்பது பொருள். மேலும், அமெரிக்க மாநிலச் சிறைகளில் இருப்போருள் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேராவது ஒருநாள் வெளியே வருகிறவர்கள். உள்ளே தீர்க்கப்படாத காசநோயும் மஞ்சட்காமாலையும் அவர்களோடு வெளியே வரும்.

சரி, மருத்துவர்களை நியமித்தால் போதாதா, தலைமையைப் பற்றி ஏன் இத்தனை பேச்சு என்று கேட்கலாம். நம் பாட்டன்மார் வாழ்ந்த இரப்பர்த் தோட்டங்களை எண்ணிப் பாருங்கள். தோட்டத்து டிரஸ்சருக்குச் சம்பளம் தந்தது தோட்ட நிர்வாகம். காய்ச்சலோடு வந்தவர் பால்வெட்டுக்குப் போகலாமா, படுத்திருக்கலாமா என்று சொல்ல வேண்டியவரும் அவரே. நல்ல டிரஸ்சர்கள் பலர் இருந்தனர். அவர்களை நன்றியோடு நினைக்கும் குடும்பங்கள் இன்றும் உள்ளன. ஆயினும் துரைக்கு ஆள் குறையக்கூடாது, நோயாளிக்கு ஓய்வு வேண்டும் என்னும் இரு கட்டளைகள் மோதியபோது, சம்பளம் வந்த திசை நோக்கித் தராசு சாய்வது எளிதாயிருந்தது. சிறை மருத்துவரின் நிலையும் இதுவே. அவருடைய அறிவில் குறையில்லை. அவர் இரு எசமானர்க்கு ஊழியம் செய்கிறார். அவருக்கு அரணாக நின்று, "நோயாளியே உம் எசமானர், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று சொல்லும் தலைவர் வேண்டும். அத்தலைவரே சிறையதிகாரிக்குக் கட்டுப்பட்டவரானால் அரண் ஏது?

கலிபோர்னிய நீதிபதி இதனை உணர்ந்தே 2006இல் அரிய நடவடிக்கை ஒன்றை மேற்கொண்டார். சிறை மருத்துவம் முழுவதையும் மாநில அரசின் கையிலிருந்து பறித்து, நீதிமன்றம் நியமித்த பொறுப்பாளர் ஒருவரிடம் ஒப்படைத்தார். ஆள் சேர்க்கவும், நீக்கவும், ஊதியம் உயர்த்தவும், பணம் செலவிடவும் அவருக்கு அதிகாரம் கொடுக்கப்பட்டது. 2015இலிருந்துதான் மருத்துவப் பொறுப்பு ஒவ்வொரு சிறையாக மாநிலத்திடம் திரும்பத் தொடங்கியது. ஓர் அரசு தன் சிறைவாசிகளுக்கு மருத்துவம் பார்க்கத் தகுதியற்றது என்று முத்திரை குத்தப்படுவதினும் பெரிய தலைகுனிவு உண்டோ?

எனினும் அதிகாரம் மட்டும் போதாது என்பதையும் அதே மாநிலம் காட்டிற்று. 2020 மே மாதம், கொரோனா பரவிய சீனோ நகரச் சிறையிலிருந்து நோய்க்கு எளிதில் இரையாகக்கூடியோரைக் காப்பதாகச் சொல்லி, 122 பேரைச் சான் குவென்டின் சிறைக்கு மாற்றினர். பலருக்குப் பரிசோதனை செய்து மூன்று வாரத்துக்கு மேலாகியிருந்தது. மறுபடி சோதிக்க வேண்டாம் என்று மருத்துவ நிர்வாகி ஒருவரே கட்டளையிட்டதை மாநிலத் தலைமை ஆய்வாளரின் 2021ஆம் ஆண்டு அறிக்கை வெளிப்படுத்தியது. அதுவரை நோயே காணாத சான் குவென்டினில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கைதிகள் நோயுற்றனர். 28 கைதிகளும் ஊழியர் ஒருவரும் இறந்தனர். காலக்கெடு நெருக்கியபோது, மருத்துவத் தலைமை தன் மருத்துவ அறிவை மறந்து நிர்வாகத்தின் அவசரத்தை மேற்கொண்டது. 'இவர்களை இன்று அனுப்ப இயலாது' என்னும் ஒரு சொல் அன்று கூறப்பட்டிருக்க வேண்டும். அச்சொல்லைச் சொல்லும் உரிமையும் துணிவும் ஒருங்கே உடையவரைத்தான் தலைவர் என்கிறோம்.

"தனியாரிடம் விட்டுவிட்டால் செலவும் குறையும், தொல்லையும் தீரும்" என்பார் வேறு சிலர். அரிசோனா மாநிலம் 2012 முதல் அவ்வாறே செய்தது. நிறுவனங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மாறின. ஒப்புக்கொண்ட தரத்தை எட்டாமைக்காக 2018இல் நீதிமன்றம் அம்மாநிலத்துக்குப் பதினான்கு இலட்சம் டாலர் தண்டம் விதித்தது. 2022இல் நீதிபதி ரோஸ்லின் சில்வர், அங்குள்ள சிறை மருத்துவம் அரசமைப்புச் சட்டத்துக்கு முரணானது என்றே தீர்ப்பளித்தார். ஆண்டுக்கு இவ்வளவு என்று மொத்தமாகத் தொகை பேசிக்கொண்ட வணிகருக்கு, வெளி மருத்துவமனைக்கு அனுப்பப்படாத ஒவ்வொரு நோயாளியும் ஆதாயம். வேலையைக் குத்தகைக்கு விடலாம். பொறுப்பைக் குத்தகைக்கு விட முடியுமா?

சிக்கனம் என்னும் பெயரால் இழைக்கப்படும் சிறுகொடுமை மற்றொன்றும் உண்டு. கலிபோர்னியாவில் 2019 வரை கைதி மருத்துவரைக் காண ஐந்து டாலர் கட்ட வேண்டியிருந்தது. அக்காலத்தில் பெரும்பாலான சிறைவேலைகளுக்கு மணிக்கு 8 முதல் 37 சென்ட் வரையே கூலி. எட்டு சென்ட் பெறுபவர் ஒருமுறை மருத்துவரைக் காண அறுபது மணிநேரத்துக்கு மேல் உழைக்க வேண்டும். மார்பில் கட்டி தோன்றினால், 'இன்னும் சில நாள் பார்ப்போம்' என்று அவர் இருந்துவிட்டதற்கு அவரையா குறை கூறுவது?

மாற்று வழி இல்லாமல் இல்லை. நார்வே 1988இலும், பிரான்சு 1994இலும் சிறை மருத்துவத்தைச் சுகாதாரத் துறையின் பொறுப்புக்கு மாற்றின. இங்கிலாந்து 2006இல் அம்மாற்றத்தை முடித்தது. அங்கெல்லாம் குறையே இல்லை என்று நான் வாதிடவில்லை. ஆனால் மருத்துவரின் பதவி உயர்வு சிறையதிகாரியின் பேனாவில் இல்லை என்பதே பெரும் விடுதலை. 2015இல் ஐக்கிய நாட்டு அவை ஏற்றுக்கொண்ட மண்டேலா விதிகளும் இதையே சொல்கின்றன: வெளியே கிடைக்கும் அதே தரமான மருத்துவம் உள்ளேயும் வேண்டும், மருத்துவ முடிவை மருத்துவரே எடுக்க வேண்டும், மருத்துவரல்லாத சிறை ஊழியர் அதைத் தள்ளவோ புறக்கணிக்கவோ கூடாது.

ஆகவே சிறை மருத்துவத் தலைவரிடம் நான்கு உரிமைகள் இருந்தாக வேண்டும். தகுதியற்றவரை நீக்கித் தக்காரை அமர்த்தும் உரிமை. மருத்துவப் பணத்தைச் சிறையின் பிற செலவுகளுக்குத் திருப்பாமல் காக்கும் உரிமை. ஒவ்வொரு சாவின் காரணத்தையும் ஒளிக்காமல் வெளியிடும் உரிமை. நோயாளிக்குத் தீங்கான கட்டளையைத் தடுத்து நிறுத்தும் உரிமை. இவற்றுள் ஒன்று குறைந்தாலும் அவர் வெறும் பெயர்ப்பலகையே.

மணிமேகலை சோழ மன்னனிடம் பொன்னோ மணியோ கேட்கவில்லை; சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்குக என்று கேட்டாள். அரசனும் இசைந்தான். அதை நாம் காப்பியச் சுவைக்காகப் படிக்கிறோம். தேர்வுக்காக மனப்பாடம் செய்கிறோம். நாளை நம் மாணவருள் ஒருவர் மருத்துவராகலாம், ஒருவர் சிறையதிகாரியாகலாம், ஒருவர் சட்டம் இயற்றும் மன்றத்தில் அமரலாம். அடைபட்ட ஒருவர் நள்ளிரவில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கதவைத் தட்டும்போது, அக்கதவு எட்டு மணிநேரம் மூடிக் கிடக்குமா, எட்டு நிமிடத்தில் திறக்குமா என்பது அவர்கள் கையில் இருக்கும். மணிமேகலையை நடத்தும் ஆசிரியர் இதையும் ஒருமுறை வகுப்பில் கேட்டுவிட்டு அடுத்த பாடத்துக்குச் செல்வாராக.