டியூப்லெஸ் சைக்கிளும் காய்ந்துபோகும் ரப்பர் பாலும்

டியூப்லெஸ் டயர் போட்ட சைக்கிள் வைத்திருப்பவரிடம், "கடைசியாக எப்போது சீலன்ட் ஊற்றினீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். "வாங்கும்போதே கடையில் ஊற்றித்தானே கொடுத்தார்கள்!" என்பார் பலர். வாங்கி எத்தனை மாதம் ஆச்சு என்று கேட்டால் ஒரு வருஷம், ஒன்றரை வருஷம் என்பார்கள். அப்படியென்றால் அந்த டயருக்குள் இப்போது சீலன்ட் இல்லை. காய்ந்த ரப்பர் தோல்தான் இருக்கிறது.

இந்தக் குழப்பத்துக்கு ஒரு காரணம் மோட்டார் பைக். பைக்கில் டியூப்லெஸ் டயர் வந்து நம்மூரில் ரொம்ப நாளாகிவிட்டது. அதற்குள் எந்தத் திரவமும் கிடையாது. டயர் தடிமனானது, தானே காற்றைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஆணி குத்தினால் பஞ்சர் கடையில் ஒரு ரப்பர் திரியைச் சொருகி அனுப்பிவிடுவார்கள். சைக்கிளும் அப்படித்தான் என்று நினைத்துக்கொள்கிறோம். ஆனால் சைக்கிள் டயர் எடை குறைவாக இருக்க வேண்டும் என்று மெல்லிசாகச் செய்யப்படுவது. அதன் சுவரில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் உண்டு. டயரும் ரிம்மும் சேரும் விளிம்பிலும் காற்று கசியும். அதையெல்லாம் அடைப்பது உள்ளே ஊற்றும் சீலன்ட்தான். அது போனால் முள் குத்தாமலே காற்று இறங்கும்.

சரி, இந்த சீலன்ட் என்பது என்ன? பெரும்பாலானவை ரப்பர் பால்தான், இயற்கையோ செயற்கையோ. அது உறையாமல் இருக்க அமோனியா போன்ற ஒன்று, கெட்டியாகாமல் இருக்க கிளைக்கால், ஓட்டையில் சிக்கிக்கொள்ள கொஞ்சம் பொடித் துகள்கள். கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். மரத்தில் வெட்டு போட்டு சிரட்டையில் பிடித்த பாலை அப்படியே விட்டால் சில மணி நேரத்தில் உறைய ஆரம்பிக்கும். பாலாகவே வைத்திருக்க வேண்டுமானால் அமோனியா கலக்க வேண்டும். சிரட்டையிலும் வெட்டிலும் ஒட்டிக் காய்ந்து போவதை ஒட்டுப்பால் என்பார்கள். டயரில் முள் குத்தியதும் காற்று அந்தப் பாலை ஓட்டை வழியாகத் தள்ளுகிறது, பால் அங்கேயே உறைந்து அடைத்துக்கொள்கிறது. நல்ல விஷயம்தான். ஆனால் முள் குத்தினாலும் குத்தாவிட்டாலும் அந்தப் பால் ஒருநாள் ஒட்டுப்பால் ஆகியே தீரும். பாட்டிலில் உள்ளவரை பத்திரம், டயருக்குள் போனதும் நாள் எண்ண ஆரம்பித்துவிட வேண்டும்.

செம்பரம்பாக்கம் பக்கம் ஞாயிற்றுக்கிழமை காலையில் சைக்கிள் ஓட்டுபவர்களுக்கு இது வெறும் தியரி இல்லை. பூந்தமல்லியைத் தாண்டி பெங்களூர் நெடுஞ்சாலையின் ஓரத்தில் ஓட்டினால் லாரி டயர்கள் வெடித்துச் சிதறிய மெல்லிய கம்பிகள் காத்திருக்கும். தலைமுடியைவிடக் கொஞ்சம் தடிமன், கண்ணில் படவே படாது. நெடுஞ்சாலையை விட்டு ஏரிப் பக்கத்து மண் பாதைகளில் இறங்கினால் சீமைக்கருவேல முள்ளும் நெருஞ்சி முள்ளும். இதில் ஒரு வேடிக்கை உண்டு. அமெரிக்காவின் தென்மேற்குப் பகுதி சைக்கிள்காரர்கள் 'ஆட்டுத்தலை' என்று பெயர் வைத்துத் திட்டும் முள் வேறொன்றுமில்லை, நம்ம நெருஞ்சியேதான். இந்தப் பக்கத்துச் செடி அங்கே போய்ப் பரவிவிட்டது. பதிலுக்கு அந்தக் கண்டத்துச் சீமைக்கருவேலம் இங்கே வந்து ஏரி குளமெல்லாம் நிறைந்துவிட்டது. முள் விஷயத்தில் ஏற்றுமதி இறக்குமதி சரியாகிவிட்டது!

சைக்கிளுக்கான டியூப்லெஸ் முறை 1999-ல் பிரெஞ்சு நிறுவனங்கள் மூலம் சந்தைக்கு வந்தது. 2001-க்குப் பிறகு சாதாரண ரிம்மிலும் டேப் ஒட்டி, சீலன்ட் ஊற்றி ஓட்டும் வழி அமெரிக்காவிலிருந்து பரவியது. அந்த நாட்டுத் தயாரிப்பாளர்களே தங்கள் சீலன்ட் 2 மாதம் முதல் 6, 7 மாதம் வரைதான் தாங்கும், வெயில் அதிகமான இடத்தில் இன்னும் சீக்கிரம் காயும் என்கிறார்கள். சென்னை வெயிலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். மொட்டை மாடியிலோ ரயில் நிலைய ஸ்டாண்டிலோ மே மாதம் நாள் முழுக்க நிற்கும் சைக்கிளுக்கு அந்த 2 மாதமே அதிகம். ஓட்டாமல் நிறுத்தி வைத்தால் இன்னும் மோசம். பால் எல்லாம் அடியில் தேங்கி ஒரே இடத்தில் கட்டியாகிவிடும்.

காமர்ஸ் படிப்பவர்களுக்கு இதை ஒரே வரியில் சொல்லலாம். டயர் என்பது வருஷக் கணக்கில் தேய்மானம் போட வேண்டிய சொத்து. சீலன்ட் அப்படி இல்லை, அது தயிர் பாக்கெட் மாதிரி காலாவதி ஆகும் சரக்கு. இரண்டையும் ஒரே கணக்கில் எழுதினால் நஷ்டம் எங்கேயோ நடுரோட்டில் வந்து நிற்கும்.

பராமரிப்பு ஒன்றும் பெரிய வித்தை இல்லை:

1. மாதம் ஒருமுறை சோதனை. வால்வு அடிப்பக்கமாக, ஆனால் சரியாகக் கீழே இல்லாமல் சற்றுத் தள்ளி நிற்கும்படி சக்கரத்தைத் திருப்பிக் கொஞ்ச நேரம் விட வேண்டும். காற்றை இறக்கி, வால்வின் உள்பாகத்தைக் கழற்றி, ஒரு மெல்லிய கேபிள் டையை உள்ளே விட்டு எடுத்தால் ஈரம் தெரியும். ஈரம் இல்லையென்றால் பால் இல்லை.

2. அளவு. ரேஸ் சைக்கிளின் மெல்லிய டயருக்கு 30 முதல் 40 மில்லி, 40 மில்லிமீட்டர் அகல டயருக்கு 60 மில்லி, மலைப்பாதை சைக்கிளின் பெரிய டயருக்கு 100 முதல் 120 மில்லி. பாட்டிலை நன்றாகக் குலுக்கிவிட்டு சிரிஞ்சால் வால்வு வழியாகவே ஊற்றலாம். துகள்கள் அடியில் தங்கிவிடும் என்பதால் குலுக்குவது முக்கியம்.

3. வால்வின் உள்பாகத்தில் காய்ந்த ரப்பரைச் சுரண்டி எடுக்க வேண்டும். காற்று ஏறாததற்குப் பல சமயம் இதுதான் காரணம்.

4. வருஷத்துக்கு ஒருமுறை டயரைக் கழற்றி, உள்ளே இருக்கும் ஒட்டுப்பாலை உரித்துப் போட்டுவிட்டு, புதிதாக ஊற்ற வேண்டும்.

5. பையில் ஒரு டியூப் எப்போதும் வேண்டும். ஆனால் மாட்டுவதற்கு முன் டயரின் உள்பக்கத்தைக் கவனமாகத் தடவிப் பார்க்க வேண்டும். சீலன்ட் அடைத்துவைத்த பழைய முட்கள் எல்லாம் அங்கேயே நீட்டிக்கொண்டிருக்கும். பார்க்காமல் மாட்டினால் புது டியூபும் அடுத்த நிமிஷமே போய்விடும்.

இவ்வளவும் யார் செய்வது என்று கேட்டால், அது நியாயமான கேள்வி. வீட்டிலிருந்து ஸ்டேஷனுக்கு 3 கிலோமீட்டர், கல்லூரிக்கு 4 கிலோமீட்டர் என்று ஓட்டுபவருக்கு டியூப்லெஸ் தேவையே இல்லை. 1949-ல் டி.ஐ. சைக்கிள்ஸ் தொடங்கிய அம்பத்தூர் பக்கத்து ஊர்கள் இவை. டியூபைக் கழற்றி, தண்ணீர்ப் பாத்திரத்தில் முக்கி, குமிழி வரும் இடத்தில் சொல்யூஷன் தடவி ஒட்டும் கை தெருவுக்குத் தெரு இருக்கிறது. அந்தப் பஞ்சர் கடைக்காரரிடம் காய்ந்த டியூப்லெஸ் டயரைக் கொண்டுபோய் நிறுத்தினால் அவர் என்ன செய்வார் பாவம்? அவரிடம் சீலன்ட் இல்லை. அவருடைய கம்ப்ரஸர் முனை மெல்லிய பிரெஸ்டா வால்வில் உட்காரவும் செய்யாது, அதற்குத் தனியாகப் பித்தளை அடாப்டர் வேண்டும். மண் பாதை, நீண்ட தூரம், குறைந்த காற்றழுத்தம் என்று ஓட்டுபவருக்குத்தான் டியூப்லெஸ் தரும் லாபம் உண்மையான லாபம். அவரும் மாதச் சோதனைக்குத் தயாராக இருந்தால்தான்.

விற்பவர்களுக்கும் இதில் பங்கு உண்டு. "இனிமேல் பஞ்சரே ஆகாது சார்" என்று சொல்லி விற்பதில் பாதி உண்மைதான் இருக்கிறது. கார் சர்வீஸுக்கு விட்டால் அடுத்த ஆயில் எப்போது மாற்ற வேண்டும் என்று எழுதி ஒட்டித் தருகிறார்கள். அதே மாதிரி சீலன்ட் ஊற்றிய தேதியை ரிம்மில் ஒரு சின்ன ஸ்டிக்கரில் எழுதி ஒட்ட எவ்வளவு செலவாகிவிடும்? சைக்கிளின் விலையில் அது ஒரு பொருட்டே இல்லை. கடைக்காரர் ஒட்டாவிட்டால் வாங்கியவர் தானே எழுதி ஒட்டிக்கொள்ளலாம்.

செம்பரம்பாக்கம் ஏரியையே எடுத்துக்கொள்ளுங்கள். முழு ஆழம் 24 அடி. 2015 டிசம்பரில் நிரம்பி உபரி நீரைத் திறந்துவிட வேண்டியிருந்த அதே ஏரி, 2019 கோடையில் வறண்டு கிடந்தது. மழைக்காலத்தில் நிரம்பியதே என்று யாரும் சும்மா இருப்பதில்லை, தினமும் மட்டத்தைப் பார்த்து எழுதுகிறார்கள். டயருக்குள் இருப்பது வெறும் 60 மில்லி. அதை மாதம் ஒருமுறை எட்டிப் பார்க்க 5 நிமிஷம் போதும். அந்த 5 நிமிஷம் இல்லாதவர்கள் தயங்காமல் டியூபுக்கே திரும்பிப் போகலாம், அதில் ஒரு குறையும் இல்லை.