சீமைப் பள்ளியா? கடைசி வகுப்பு எது என்று கேளுங்கள்!

திருவெறும்பூர் பக்கம் இப்போது டீக்கடை பெஞ்சில்கூட இந்தப் பேச்சு அடிபடுகிறது. "பையன் துபாயில் இருக்கான். பிள்ளையை இங்கிலீஷ்காரன் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போறானாம். சின்னப் பள்ளிக்கூடம்தான். வகுப்புக்குப் பதினைஞ்சு பேர்தானாம்!"

சொல்பவருக்குப் பாதி பெருமை, பாதி பயம். பெருமைக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. பயத்துக்குக் காரணம் உண்டு. அந்தப் பள்ளிக்கூடம் எப்படிப்பட்டது என்று திருச்சியில் உட்கார்ந்துகொண்டு யாரிடம் போய் விசாரிப்பது?

இந்தக் கவலை இந்த ஊருக்கு வந்ததில் ஆச்சரியம் இல்லை. 1960-களில் செக்கோஸ்லோவாகியா நாட்டின் உதவியோடு பாய்லர் பிளாண்ட் வந்தது. பின்னாலேயே துப்பாக்கி தொழிற்சாலை வந்தது. துவாக்குடி வரைக்கும் பட்டறைகள் முளைத்தன. வெல்டிங்கும் பிட்டர் வேலையும் கைவந்த கைகளுக்கு வளைகுடா கதவைத் திறந்தது. அப்பா பெல்லில் போர்மேன். பிள்ளை மஸ்கட்டில் சூப்பர்வைசர். மருமகள் துபாயில் ஆஸ்பத்திரி நர்ஸ். கைலாசபுரத்தில் இப்படிப்பட்ட வீடுகள் ஏராளம்.

ஆனால் போனவர் எல்லோரும் குடும்பத்தை அழைத்துக்கொள்ள முடியாது. ஐக்கிய அரபு நாட்டில் மனைவி மக்களைக் கூட்டிப்போக மாதச் சம்பளம் குறைந்தது 4 ஆயிரம் திர்ஹாம் வேண்டும். அல்லது 3 ஆயிரமும் தங்க வீடும் வேண்டும். ஆகவே கேம்பில் படுத்துத் தூங்கும் வெல்டருக்கு இந்தப் பள்ளிக்கூடக் கவலை கிடையாது. அவர் பிள்ளை இங்கேதான் தாத்தா பாட்டியிடம் வளர்கிறது. சற்று மேலே ஏறிய இன்ஜினீயர், இன்ஸ்பெக்டர், அக்கவுண்டண்ட் வீட்டுக் கதைதான் இது.

எதற்குச் சின்னப் பள்ளி?

துபாயில் இந்தியன் ஹைஸ்கூல் 1961-இல் தொடங்கியது. வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்கான துபாய் இங்கிலீஷ் ஸ்பீக்கிங் ஸ்கூல் 1963-இல் வந்தது. மஸ்கட்டில் பிரிட்டிஷ் பள்ளி 1973; இந்தியப் பள்ளி 1975. இரண்டு வகையும் அக்கம்பக்கமாகவே வளர்ந்தவை. நம்மவர்கள் பெரும்பாலும் இந்தியப் பள்ளிக்கே போனார்கள். கட்டணம் குறைவு, சி.பி.எஸ்.இ. பாடம்; ஊருக்குத் திரும்பினால் தொல்லை இல்லை.

இப்போது மனசு மாறுவதற்குக் காரணம் கூட்டம். வளைகுடாவில் சில இந்தியப் பள்ளிகள் காலை ஷிப்டு, மாலை ஷிப்டு என்று ஆலை மாதிரி நடக்கின்றன. ஒரு வகுப்பில் 35, 40 பிள்ளைகள். வாய் திறக்காத பிள்ளை கடைசி பெஞ்சில் அப்படியே மறைந்து போகும்.

சின்னப் பிரிட்டிஷ் பள்ளியில் அந்தக் குறை இல்லை. வாட்ச்மேனிலிருந்து பிரின்சிபால் வரை பிள்ளையின் பெயர் தெரியும். இங்கிலீஷ் தட்டுத்தடுமாறி வந்தால் தனியாக உட்கார வைத்துச் சொல்லித் தருவார்கள். ஐந்து வயசு, ஆறு வயசுப் பிள்ளை, புது நாட்டில், புது மொழியில் பயப்படாமல் பள்ளிக்கூடம் போகிறது என்றால் அது லேசான விஷயமா? அந்த வயசுக்குச் சின்னப் பள்ளியைக் குறை சொல்வதற்கே இல்லை.

இன்னொரு காரணமும் உண்டு. சில ஊர்களில் வேறு வழியே இருக்காது. பெல் வேலை சூடானில் கோஸ்தி வரை போனது. வங்கதேசத்தில் ராம்பால் வரை போனது. அப்படிப்பட்ட ஊர்களுக்குக் குடும்பத்தோடு போகிறவர் நடந்துபோகும் தூரத்தில் இந்தியப் பள்ளியை எதிர்பார்க்க முடியுமா? தலைநகரில் சில டஜன் பிள்ளைகளோடு ஒரு சீமைப் பள்ளி இருந்தால் அதுவே பெரிய விஷயம்.

மேலே ஏறினால்?

வில்லங்கம் மேல்வகுப்பில்தான் ஆரம்பிக்கிறது.

சின்னப் பள்ளிகள் பல "இயர் 6" வரைதான் நடக்கின்றன. அதாவது பிள்ளைக்குப் பதினொரு வயசு வரை. சில பள்ளிகள் "இயர் 11" வரை போகும். "இயர் 13" வரை, அதாவது நம் பிளஸ் டூவுக்குச் சமமான "ஏ லெவல்" வரை, நடத்தும் சின்னப் பள்ளி அபூர்வம். நடத்தினாலும் எட்டுப் பிள்ளைகள் உள்ள வகுப்புக்கு இயற்பியலுக்கு ஒருவர், வேதியியலுக்கு ஒருவர், உயிரியலுக்கு ஒருவர் என்று வாத்தியார் வைக்கக் கட்டுப்படியாகுமா? "இந்த வருஷம் பிசிக்ஸ் எடுக்க ஆள் இல்லை, பிசினஸ் ஸ்டடீஸ் எடுத்துக்கொள்" என்று சொன்னால் பெற்றோர் என்ன செய்வார்கள்? இன்ஜினீயரிங் கனவு அன்றோடு சரி.

சேர்க்கும்போது எல்லோரும் முதல் வகுப்பைத்தான் சுற்றிப் பார்க்கிறார்கள். சுவரில் படம், தரையில் பஞ்சு மெத்தை, மூலையில் முயல் கூண்டு. கடைசி வகுப்பைப் போய்ப் பார்ப்பவர் ரொம்பக் குறைவு. அங்கே எத்தனை பிள்ளைகள் இருக்கிறார்கள்? போன வருஷம் எந்தெந்தப் பாடத்தில் பரீட்சை எழுதினார்கள்? எழுதி முடித்து எங்கே போனார்கள்? இதைக் கேட்டால் பள்ளியின் ஜாதகம் வெளியே வந்துவிடும்.

பெயரைப் பார்த்து மயங்கவும் வேண்டாம். பெயர்ப் பலகையில் "பிரிட்டிஷ்" என்று எழுதிவிட்டால் லண்டன் சர்க்கார் பள்ளி ஆகிவிடாது. பிரிட்டிஷ் கல்வித்துறை 2010 முதல் வெளிநாட்டு பிரிட்டிஷ் பள்ளிகளுக்கு ஓர் ஆய்வு முறை வைத்திருக்கிறது. பள்ளி தானாக முன்வந்து ஆய்வுக்கு உட்படலாம். அறிக்கை வெளியாகும், யார் வேண்டுமானாலும் படிக்கலாம். துபாய் சர்க்காரின் கல்வி ஆணையம் 2008-இலிருந்து தனியார் பள்ளிகளை ஆய்வு செய்து தரம் போட்டு வந்திருக்கிறது. திருவெறும்பூரில் உட்கார்ந்துகொண்டே பேத்தியின் பள்ளி அறிக்கையைத் தாத்தா படித்துவிடலாம்! அறிக்கை எதுவும் இல்லாத பள்ளி என்றால், கேம்பிரிட்ஜ் அல்லது எடெக்ஸெல் பரீட்சை நடத்த அங்கீகாரம் இருக்கிறதா என்றாவது கேட்க வேண்டும். அதுவும் இல்லை என்றால் மேலே பேசுவதில் அர்த்தம் இல்லை.

டபுள் பிரமோஷன் அல்ல!

இங்கே ஒரு வேடிக்கையையும் சொல்ல வேண்டும். இங்கிலீஷ்காரர் கணக்கில் ஐந்து வயசில் "இயர் 1". ஆகவே நம் ஐந்தாம் வகுப்பு அங்கே "இயர் 6". லீவுக்கு வந்த பிள்ளை "நான் சிக்ஸ்" என்றதும் பக்கத்து வீட்டு அம்மா, "ஏன்டி, டபுள் பிரமோஷனா?" என்று கேட்கிறார். பாட்டியும் சிரித்துக்கொண்டு தலையாட்டிவிடுகிறார்.

திரும்பி வரும்போது அந்த வேடிக்கை கசந்துபோகும். "இயர் 9" முடித்த பிள்ளை இங்கே வந்தால் ஒன்பதாம் வகுப்பு. அப்பாவோ பத்தாம் வகுப்பு கேட்பார்!

அதைவிடப் பெரிய சிக்கல் நடுவில் வருவது. சி.பி.எஸ்.இ.யில் ஒன்பதும் பத்தும் ஒரு ஜோடி. பதினொன்றும் பன்னிரண்டும் ஒரு ஜோடி. பத்திலும் பன்னிரண்டிலும் புதிதாக நுழைவது குதிரைக்கொம்பு. அங்கேயும் "இயர் 10, 11" சேர்ந்துதான் ஐ.ஜி.சி.எஸ்.இ. பரீட்சை. காண்டிராக்ட் முடிந்து "இயர் 10" வருஷக் கடைசியில் பெட்டி கட்டினால் பிள்ளை அந்தப் பரீட்சையும் எழுதவில்லை. இந்தப் பத்தாம் வகுப்பிலும் இடமில்லை. ஒரு வருஷம் வீண். பத்தாததற்கு அங்கே வருஷம் செப்டம்பரில் பிறக்கிறது, சி.பி.எஸ்.இ. வகுப்பு ஏப்ரலில் ஆரம்பம். கம்பெனிக்காரன் பிள்ளையின் பரீட்சையைப் பார்த்தா ஆளை வீட்டுக்கு அனுப்புகிறான்?

ஆகவே திரும்புவதாக இருந்தால் "இயர் 9" முடிவதற்குள் திரும்ப வேண்டும்; இல்லையென்றால் "இயர் 11" பரீட்சை முடியும் வரை தாயும் பிள்ளையுமாவது அங்கே இருக்க வேண்டும். இந்தக் கணக்கைப் போடாமல் அட்மிஷன் பாரத்தில் கையெழுத்துப் போடுவது புத்திசாலித்தனம் ஆகாது.

துவாக்குடி வாசலில்...

திருவெறும்பூர்க்காரர் மனசில் கடைசி ஸ்டேஷன் எது? பெரும்பாலும் துவாக்குடி என்.ஐ.டி.தான். 1964-இல் ஆர்.இ.சி.யாக வந்த கல்லூரி. பஸ்ஸில் போகும்போதெல்லாம் வாசலைப் பார்த்தே வளர்ந்தவர்கள்.

வெளிநாட்டில் படித்த பிள்ளைகளுக்கு அங்கே தனி வழி உண்டு. "தாசா" என்பார்கள். கட்டணம் டாலரில். வளைகுடாவில் வேலை பார்க்கும் இந்தியரின் பிள்ளைகளுக்கு அதற்குள்ளேயே ஒரு பிரிவு. படிப்புக் கட்டணம் இங்குள்ள பிள்ளைகளுக்கு உள்ளதே. ஆனால் பதினொன்றும் பன்னிரண்டும் வெளிநாட்டிலேயே படித்திருக்க வேண்டும். 2021 முதல் ஜே.இ.இ. மெயின் மார்க்கைத்தான் பார்க்கிறார்கள்.

இங்கேதான் முடிச்சு. ஏ லெவல் படித்தவரும் ஜே.இ.இ. எழுதலாம், தடை இல்லை. ஆனால் கேள்வி வருவது நம் ஊர்ப் பாடத்திலிருந்து. பகலில் ஏ லெவல், ராத்திரியில் ஜே.இ.இ. டியூஷன் என்று பிள்ளை இரட்டை மாட்டு வண்டியைத் தனியாக இழுக்க வேண்டும். நீட் தேர்வும் அப்படியே. 2021-இல் குவைத்திலும் துபாயிலும் நீட் மையம் திறந்தார்கள். மையம் கிட்டே வந்ததே தவிரப் பாடம் கிட்டே வரவில்லை.

பிள்ளை இங்கே திரும்பி வந்து படிக்கப் போவதில்லை, லண்டனோ கனடாவோ போகட்டும் என்று முடிவு செய்த வீட்டுக்கு இந்தக் கவலை எதுவும் வேண்டாம். ஏ லெவல் அங்கே செல்லும். ஆனால் அந்த முடிவுக்கு ஆகும் பணம் கையில் இருக்கிறதா?

கட்டணத்தைப் பாருங்கள். துபாயில் பழைய இந்தியப் பள்ளிகளில் கீழ்வகுப்புக்கு வருஷம் 10 ஆயிரம் திர்ஹாமுக்குள்ளும் முடிந்துவிடும். பிரிட்டிஷ் பள்ளியில் தொடக்க வகுப்புக்கே 30, 40 ஆயிரம் சர்வசாதாரணம். மேல்வகுப்பில் 80, 90 ஆயிரத்தைத் தாண்டும் பள்ளிகளும் உண்டு. ஒரு திர்ஹாம் 20 ரூபாய்க்கு மேல். 40 ஆயிரம் திர்ஹாம் என்றால் எட்டு லட்சத்துக்கும் மேல், ஒரு பிள்ளைக்கு, ஒரு வருஷத்துக்கு! திருச்சியில் மனை வாங்கப் போன பணம் யூனிபாரம் வாங்கவே சரியாகிவிடும்.

கம்பெனி "ஸ்கூல் அலவன்ஸ்" தருகிறது என்பார்கள். தரட்டும். பிள்ளை மேல்வகுப்புக்குப் போனால் அலவன்ஸும் ஏறுமா? இரண்டாவது பிள்ளைக்கும் உண்டா? வேலை போனால் பாக்கி டெர்முக்கு யார் பொறுப்பு? பிரிட்டிஷ் பள்ளிகள் பலவற்றில் ஒரு டெர்ம் முன்னதாக எழுதிக் கொடுக்காமல் பிள்ளையை நிறுத்தினால் அந்த டெர்ம் கட்டணத்தைக் கட்டியே ஆக வேண்டும். இதெல்லாம் பாரத்தில் பொடி எழுத்தில் இருக்கும்.

தமிழ் என்ன ஆகும் என்று ஒரு கேள்வி. சின்னப் பிரிட்டிஷ் பள்ளியில் தமிழ் வாத்தியாரைத் தேடினால் கிடைக்க மாட்டார். தமிழக அரசு 2001-இல் வெளிநாட்டுப் பிள்ளைகளுக்காகவே தொடங்கிய தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் பாடங்கள் இருக்கின்றன. அம்மா பக்கத்தில் உட்கார்ந்தால் ஓடும். இல்லாவிட்டால் பாட்டி போனில் பேசுவதைப் பேத்தி "என்னம்மா சொல்றாங்க?" என்று அம்மாவிடம் கேட்கும்.

காகிதம் பத்திரம்

1990 ஆகஸ்டில் குவைத்துக்குள் ஈராக் படை நுழைந்தது. லட்சத்துக்கு மேற்பட்ட இந்தியர்கள் உடுத்திய துணியோடு வந்து சேர்ந்தார்கள். 2023 ஏப்ரலில் சூடானில் சண்டை மூண்டது. "ஆபரேஷன் காவேரி" என்று விமானமும் கப்பலும் விட்டு நம்மவர்களைக் கொண்டுவந்தார்கள். அப்படிப்பட்ட நேரத்தில் பெரிய பள்ளியாக இருந்தால் எப்படியாவது ஓர் ஆபீஸ் மறுபடி திறக்கும். ஐம்பது பிள்ளைகளோடு வாடகை வீட்டில் நடந்த பள்ளி பூட்டிவிட்டால் பிள்ளை அங்கே படித்தது என்பதற்கு சாட்சி யார்?

நம் ஊர் மாதிரி டி.சி. என்று ஒன்றை அங்கே தானாகத் தர மாட்டார்கள். கேட்டு வாங்க வேண்டும். அதில் அந்த நாட்டுக் கல்வித்துறை முத்திரை, வெளியுறவுத்துறை முத்திரை, இந்தியத் தூதரக முத்திரை என்று வரிசையாக விழ வேண்டும். தமிழ்நாட்டில் கவுன்சிலிங்குக்குப் போகும்போது வெளியே படித்த பிள்ளைக்கு இருப்பிடச் சான்றிதழும் கேட்பார்கள். அது திருவெறும்பூர் தாலுகா ஆபீஸில் வாங்க வேண்டியது. ஆகவே ஒவ்வொரு வருஷமும் ரிப்போர்ட் கார்டு வந்தவுடன் ஒரு நகல் கைலாசபுரத்துக்கு வந்துவிட வேண்டும். தாத்தாவின் பீரோவில், பெல் பென்ஷன் காகிதத்துக்குப் பக்கத்தில், அதற்கும் ஒரு பைல் போடுவது அவருக்குப் பெரிய வேலை இல்லை.