கொடி வரிசையில் யாருக்கு இடம்?

உலகத்து நாடுகளின் கொடிகளையெல்லாம் ஒரே தாளில் அச்சிட்டுப் பள்ளிக்கூடங்களிலும், வாசகசாலைகளிலும் மாட்டி வைப்பது வழக்கமாயிருக்கின்றது. பிள்ளைகள் அதைப் பார்த்து, "இது இன்ன நாடு, அது இன்ன நாடு" என்று ஒப்பிக்கின்றார்கள். நல்ல காரியந்தான். ஆனால் அந்தத் தாளில் எந்தக் கொடிக்கு இடமுண்டு, எதற்கு இடமில்லை என்று தீர்மானித்தவர் யார்? எந்தக் கணக்கின் மேல் தீர்மானித்தார்? என்று கேட்பாரைக் காணோம். அச்சில் வந்ததெல்லாம் உண்மையென்று நம்பும் பழக்கம் நம்மை எவ்வளவு தூரம் பிடித்திருக்கின்றது என்பதற்கு இதுவும் ஓர் அத்தாட்சியாகும்.

யாராவது கேட்டுவிட்டால், "அய்க்கிய நாடுகள் சபையில் இருப்பது நாடு, இல்லாதது நாடல்ல" என்று சுலபமாகப் பதில் சொல்லிவிடுகின்றார்கள். நியூயார்க்கில் அச்சபையின் வாசலில் 193 அங்கத்தினர் நாடுகளின் கொடிகளும், பார்வையாளராய் உள்ள இரண்டின் கொடிகளும் பறக்கின்றன. அவற்றைப் பார்த்து எழுதிக்கொண்டால் வேலை தீர்ந்தது என்பது இவர்கள் எண்ணம். இந்தப் பதில் பரீட்சைக்கு நிற்குமா என்று பார்ப்போம்.

1945-ல் அச்சபை 51 நாடுகளோடு ஆரம்பமானபோது இந்தியாவும் அதில் ஓர் அங்கத்தினர். அப்பொழுது இந்தியாவை ஆண்டவன் யார்? வெள்ளைக்காரனல்லவா? சுதந்திரம் வந்தது 1947-ல். சோவியத் யூனியனுக்குள் அடங்கியிருந்த உக்ரேனுக்கும், பைலோரஷ்யாவுக்கும் 1945-லேயே தனித்தனி இடம் கிடைத்தது. ஆனால் எவனுக்கும் அடங்காத சுவிட்சர்லாந்தோ 2002-ம் வருஷத்தில்தான் அங்கத்தினராயிற்று. அப்படியானால் 1946-ல் அடிமை இந்தியா நாடு, சுதந்திர சுவிட்சர்லாந்து நாடல்ல என்று சொல்ல வேண்டும். இதை எந்தப் பிள்ளையாவது ஒப்புக்கொள்ளுமா?

சீனாவின் விஷயத்தைப் பாருங்கள். 1949 முதல் 1971 வரை கோடானுகோடி மக்கள் வாழ்ந்த மக்கள் சீனாவுக்கு அச்சபையில் இடமில்லை. சீனாவின் பெயரால் அங்கே உட்கார்ந்திருந்தது தைவான் தீவிலிருந்த சர்க்காராகும். 1971 அக்டோபர் 25-ந் தேதி 76 வோட்டுக்கு 35 வோட்டு என்ற கணக்கில் இது தலைகீழாயிற்று. பெரிய சீனா உள்ளே வந்தது. தைவான் வெளியே போயிற்று. அந்த ஒரு நாளில் தைவானின் மண் கடலில் மூழ்கிவிட்டதா? மக்கள் மறைந்துவிட்டார்களா? சுமார் 12 ஆயிரம் பேர் உள்ள நவ்ரு தீவுக்கு 1999 முதல் அங்கே கொடி உண்டு. 2 கோடியே 30 லட்சம் பேர் வாழ்ந்து, வரி கட்டி, வோட்டுப் போட்டு, தங்கள் சர்க்காரைத் தாங்களே மாற்றிக்கொள்ளும் தைவானுக்கு இல்லை. நவ்ருவுக்கு ஏன் என்று நாம் கேட்கவில்லை. ஓர் ஊர் சிறியது என்பதற்காக அது ஊரல்ல என்று ஆகிவிடாது. ஆனால் தலைக்கணக்கும் பார்ப்பதில்லை, ஆட்சியையும் பார்ப்பதில்லை என்றால் வேறு எதைப் பார்க்கின்றார்கள்?

ஆளைப் பார்க்கின்றார்கள். புதிதாக ஒரு நாடு சேரவேண்டுமானால் பாதுகாப்புச் சபை சிபாரிசு செய்ய வேண்டும். பிறகு பொதுச் சபையில் மூன்றில் இரண்டு பங்கு வோட்டு விழவேண்டும். பாதுகாப்புச் சபையில் நிரந்தர இடம் பிடித்த அய்ந்து வல்லரசுகளில் ஒன்று "கூடாது" என்றால் அதோடு தீர்ந்தது. முதலில் பந்தியில் உட்கார்ந்துகொண்டவர்களே, பின்னால் வருகின்றவன் பக்கத்தில் உட்காரலாமா, திண்ணையில் நிற்க வேண்டுமா என்று தீர்ப்புச் சொல்லும் வழக்கம் நமக்குப் புதிதல்ல. அச்சபைக்குத் தன் அங்கத்தினர் பட்டியல் வேண்டியதுதான். அதையே உலக மக்களின் பட்டியல் என்று பிள்ளைகளுக்குக் காட்டுவதுதான் கூடாது என்கின்றோம்.

நிற்க, வேறொருவனின் ஆட்சிக்குட்பட்ட பிரதேசங்களின் கதி இதைவிட மோசமானது. போர்ட்டோ ரிக்கோ தீவை 1898-ல் அமெரிக்கா ஸ்பெயினிடமிருந்து பிடித்துக்கொண்டது. இன்று அங்கே 30 லட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் வாழ்கின்றார்கள். 1917 முதல் அவர்கள் அமெரிக்கப் பிரஜைகள். ஆனால் தீவில் குடியிருக்கும்வரை அமெரிக்க ஜனாதிபதித் தேர்தலில் அவர்களுக்கு வோட்டில்லை. 1948-ல் அங்கே ஒரு சட்டம் வந்தது. ஜனங்கள் அதற்கு வைத்த பெயர் "வாய்ப்பூட்டுச் சட்டம்." விடுதலை வேண்டுமென்று பேசினாலும், எழுதினாலும், சொந்தக் கொடியை வீட்டில் வைத்திருந்தாலும் பத்து வருஷம் வரை ஜெயில்! 1952-ல் அதே கொடியை அரசாங்கமே தன் கொடியாக ஏற்றுக்கொண்டது. அந்தச் சட்டமோ 1957-ல்தான் ரத்தாயிற்று. எந்தக் கொடிக்காக மனிதர்கள் ஜெயிலுக்குப் பயந்து வாழ்ந்தார்களோ, அந்தக் கொடிக்கு நம் சுவரில் ஒரு சாண் இடம் கொடுக்க, "அது நாடல்லவே" என்று சட்டம் பேசுவது என்ன யோக்கியதை?

"இப்படி விட்டால் தெருவுக்குத் தெரு கொடி தைத்துக்கொண்டு வருவானே, எல்லாவற்றையும் மாட்ட முடியுமா?" என்று சிலர் கேட்கலாம். கொடி தைத்தவனுக்கெல்லாம் இடம் கொடுக்கச் சொல்லவில்லை. ஓர் எல்லை, அதில் நிலையாக வாழும் மக்கள், அவர்கள் காரியத்தைக் கவனிக்கும் ஓர் ஆட்சி, இந்த மூன்றும் இருக்கின்றனவா என்று பாருங்கள் என்கின்றோம். 1933-ல் மாண்டிவிடியோ ஒப்பந்தத்தில் நாட்டுக்குச் சொன்ன இலக்கணமும் இந்த மூன்றோடு, பிற நாடுகளோடு உறவுகொள்ளும் சக்தியும் வேண்டும் என்பதுதான்.

இன்னும் சிலர், "சண்டையிலுள்ள கொடியை மாட்டினால் ஒரு கட்சியில் சேர்ந்ததாகாதா?" என்கின்றார்கள். மாட்டாமல் விட்டால் மற்றக் கட்சியில் சேர்ந்ததாகாதா என்று திருப்பிக் கேட்கின்றோம். ஊர்க் கணக்கு எழுதுகின்றவன் வழக்கிலுள்ள நிலத்தை நிலமே இல்லை என்று எழுதுவதில்லை. "வழக்கில் உள்ளது" என்று எழுதி வைக்கின்றான். அந்த நாணயம் போதும்.

ஆகவே நாம் சொல்லுவது இதுதான். கொடிகளை மூன்று வரிசையாகப் போடுங்கள். முதல் வரிசையில் அய்க்கிய நாடுகள் சபையின் அங்கத்தினர் நாடுகள். இரண்டாவதில், அங்கத்தினராகாமலே நாடென்று நிற்பவையும், நாடென்று உரிமை கோருபவையும். 2012-ல் பார்வையாளர் நாடாகி 2015-ல் கொடியேறிய பாலஸ்தீனம், 2008-ல் விடுதலை அறிவித்த கொசோவோ, 1991-ல் தனித்துப் பிரிந்த சோமாலிலாந்து, தைவான் முதலியவை அதில் வரும். மூன்றாவதில், பிறர் ஆட்சிக்குட்பட்டுத் தனிக்கொடி கொண்ட போர்ட்டோ ரிக்கோ, கிரீன்லாந்து போன்ற பிரதேசங்கள். ஒவ்வொன்றின் கீழும் அதன் நிலைமையை ஒரு வரியில் எழுதுங்கள். எந்தக் கணக்கின்படி மாட்டினோம் என்பதைத் தாளின் தலைப்பிலேயே அச்சிடுங்கள்.

கொடி என்பது துணிதான். அதைக் கும்பிடவும் வேண்டாம். அதற்காகக் கழுத்தை அறுத்துக்கொள்ளவும் வேண்டாம். ஆனால் அந்தத் துணிக்குப் பின்னால் நிற்பவர்கள் மனிதர்கள். அவர்கள் இருப்பதை நம் பிள்ளைகளுக்கு மறைக்க எந்தப் பெரிய மனிதனுக்கும், எந்தப் பெரிய சபைக்கும் உரிமையில்லை என்பதே நமது அபிப்பிராயம்.