விருந்தாளியா, வீட்டுப் பிள்ளையா?

ஆடி பிறந்து ஆவணி அணுகும்போதெல்லாம் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் ஒரு வழக்கு விசாரணைக்கு வரும். தவணை முடிந்து பாடசாலை மூடியதும் பிள்ளைகளை யாழ்ப்பாணத்து ஊருக்கு அனுப்புவதா, கொழும்பிலேயே வைத்திருப்பதா என்பதே அவ்வழக்கு. தந்தையார் பெரும்பாலும் ஊரின் கட்சி. சிறுவயதில் தாம் ஏறி விழுந்த மாமரத்தை அவர் இன்னும் மறந்திலர். தாயார் எதிர்க்கட்சி, தனியார் வகுப்பு, நுளம்பு, கிணறு, பாம்பு எனச் சாட்சிகளை நிரையாக நிறுத்துவார். ஊரில் இருப்பவர் தம்மைப் பெற்ற தாயேயாயினும் அவர் வாதம் தளர்வதில்லை. இரு கட்சியாரும் சொல்வதில் உண்மை உண்டு. ஆயினும் இவ்விசாரணையில் அழைக்கப்படாத சாட்சி ஒருவர் இருக்கின்றார். அவரைப் பற்றிப் பின்னர் சொல்வோம்.

முன்னாளில் இவ்வழக்கே எழுந்ததில்லை. 1956 ஆம் ஆண்டில் ‘யாழ்தேவி’ ஓடத் தொடங்கிய பின்னர், விடுமுறை வந்தால் பெட்டியும் பிள்ளைகளுமாகக் கோட்டைப் புகையிரத நிலையத்துக்குச் செல்வது கொழும்புத் தமிழ் உத்தியோகத்தர் குடும்பங்களின் வழக்கமாயிற்று. 1990 இல் போரினால் யாழ்ப்பாணத்துக்கான புகையிரத சேவை நின்றது. 2014 ஐப்பசியிலேதான் புகையிரதம் மறுபடியும் யாழ்ப்பாணம் சேர்ந்தது. இடைப்பட்ட கால் நூற்றாண்டில் ஒரு தலைமுறை, பேரனின் வளவைப் படத்தில் மட்டும் கண்டு வளர்ந்தது. அத்தலைமுறையினரே இன்று பெற்றாராகியுள்ளனர். தாம் பழகாத இடத்துக்குத் தம் பிள்ளையை அனுப்ப அவர்கள் தயங்குவது இயல்பே.

முதலில் நன்மைகளை நோக்குவோம்.

நகரத்துப் பிள்ளை தண்ணீரைக் குழாயில் வரும் பொருளாக மட்டுமே அறியும். யாழ்ப்பாணக் குடாநாட்டிலோ ஆண்டு முழுதும் ஓடும் ஆறு ஒன்றேனும் இல்லை. ஐப்பசி முதல் மார்கழி வரை பொழியும் மழையே சுண்ணக்கற் பாறையினூடு இறங்கிக் கீழுள்ள உவர்நீரின் மேல் மிதந்து நிற்கின்றது. நன்னீர் உவர்நீரினும் இலேசானது அன்றோ? அளவுக்கு மிஞ்சி இறைத்தால் அடியிலுள்ள உவர் மேலெழுந்து கிணறு கெடும். நவக்கிரியிலுள்ள நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் இருப்பதைச் சொல்லிக் காட்டினால், விஞ்ஞான நூலில் பத்துப் பக்கம் படித்தும் விளங்காதது அங்கே அரை மணி நேரத்தில் விளங்கும். ஒரு வாளித் தண்ணீரைத் தன் கையால் அள்ளிய பிள்ளை அதனை வீணே ஊற்றாது.

ஆவணி, புரட்டாசி பனம்பழம் விழும் காலம். விழுந்த பழத்தைச் சுட்டுத் தின்பதும், களியைப் பிசைந்து பணியாரம் சுடுவதும், பனாட்டுக்குப் பாயில் ஊற்றுவதும், எஞ்சிய விதைகளைப் பாத்தியில் அடுக்குவதும் ஒன்றன்பின் ஒன்றாக நிகழ்வன. ஆவணியில் பாத்தியில் இட்ட விதை தை மாதமளவில் கிழங்காகும். கிழங்கு காய்ந்தால் ஒடியல். அவித்துக் காய வைத்தால் புழுக்கொடியல். பொத்தானை அழுத்தியவுடன் யாவும் வந்துவிட வேண்டும் என்று பழகிய பிள்ளைக்கு, ஒரு விதைக்காக மாதக்கணக்கிற் காத்திருக்கப் பழகுவது நல்ல பாடமே.

மூன்றாவது நன்மை மொழியும் முறையும். கொழும்பிலே காண்போர் யாவரும் ‘அன்ரி’, ‘அங்கிள்’ எனும் இரு சொற்களுள் அடங்கி விடுகின்றனர். ஊரிலோ பெரியம்மா வேறு, குஞ்சம்மா வேறு, மாமி வேறு. யாரிடம் உரிமையோடு பேசலாம், யார் முன் அடங்கி நிற்கவேண்டும் என்பவற்றையெல்லாம் முறைப்பெயரே கற்பிக்கின்றது.

இனித் தீமைகள். இவற்றை மறைத்தல் நேர்மையன்று.

கட்டு இல்லாத கிணறும், கட்டுத் தாழ்ந்த கிணறும் நீந்தத் தெரியாத பிள்ளைக்கு எமனாகும். தோட்டங்களுக்கு இடும் பசளையினாலும் மலக்குழிக் கசிவினாலும் குடாநாட்டுக் கிணறுகள் சிலவற்றில் நைத்திரேற்று மிகுந்துள்ளது. கொதிக்க வைத்தால் கிருமிகள் அழியும், நைத்திரேற்றோ நீங்காது. ஆதலின் கைக்குழந்தைக்குப் பால்மா கரைப்பதற்கு நல்ல நீர் எதுவென முன்னரே விசாரித்தல் வேண்டும்.

பாம்பைப் பற்றி அஞ்சுவதிலும் அறிந்துகொள்ளுதல் மேல். எண்ணெய் விரியன் என வழங்கும் பாம்பு, நிலத்தில் பாய் விரித்து உறங்குவோரை இரவில் தீண்டுவதுண்டு; கடித்த இடம் பெரிதாக நோவதுமில்லை. கட்டிலிற் படுத்தலும், இருட்டில் ரோச் வெளிச்சமின்றி வளவில் இறங்காதிருத்தலும் பெருங் காவல். தீண்டினால் கடிவாயைக் கீறுதலும், உறிஞ்சுதலும், இறுக்கிக் கட்டுதலும் ஆகா. அந்த அவயவத்தை அசைக்காது உடனே அரசினர் வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லல் வேண்டும். போர் 2009 இல் முடிந்ததாயினும், மிதிவெடி எச்சரிக்கைப் பலகை நிற்கும் காணிக்குள் பந்து விழுந்தால் அப்பந்தை மறந்துவிடல் வேண்டும். இதனைப் பிள்ளைக்கு ஊருக்குப் போய்ச் சேருமுன்னரே சொல்லிவிடுக. நுளம்பைச் சாட்டி மறுப்போரிடம் ஒரு கேள்வி: டெங்குக் காய்ச்சலை அறியாத நகரமோ கொழும்பு?

இவை யாவும் சொல்லித் தடுக்கக்கூடிய தீமைகள். எவரும் வாய் திறந்து சொல்லாத தீமை ஒன்றை நாம் சென்ற ஆண்டிலேதான் அறிந்தோம்.

நம் மகளுக்கு அப்பொழுது வயது பதின்மூன்று; மகனுக்கு ஒன்பது. வடமராட்சியில் தனித்து வாழும் அவர்தம் அம்மம்மாவிடம் மூன்று கிழமைக்கு விட்டு வந்தோம். முதல் மூன்று நாளும் தொலைபேசியில் முறைப்பாடுகள்: மின்விசிறி போதாது, மலசலகூடம் வீட்டுக்குத் தூரம், பொழுது போகவில்லை. நான்காம் நாள் அழைப்பு வரவில்லை. நாமே அழைத்தபோது, விடியுமுன் அயற் பிள்ளைகளோடு பனம்பழம் பொறுக்கப் போயிருந்த செய்தி கிடைத்தது. நம் கட்சி வென்றது என மகிழ்ந்தோம்.

அழைத்துவரச் சென்ற அன்று மாமியாரின் கால்கள் வீங்கியிருக்கக் கண்டோம். கேட்டபோது, “ஒண்டுமில்லைத் தம்பி, நடந்த களை” என்றார். வேலிக்கு அப்பால் நின்ற அயலவரே உண்மையைச் சொன்னார்: பிள்ளைகள் வந்த நாள் முதலாக அவர் விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து மூன்று வேளையும் வெவ்வேறாகச் சமைத்தார், கிளினிக் நாளுக்குப் போகவில்லை, பிறஷர்க் குளிசை முடிந்து ஒன்பது நாளாயிற்று. ஏன் போகவில்லை எனக் கேட்டோம். “அதுகள் வந்து நிக்கேக்கை நான் அங்கை போய்க் குந்திக்கொண்டிருக்கிறதே?” என்றார்.

அன்றே அவரை வைத்தியசாலைக்குக் கொண்டு சென்றோம்; நல்ல காலமாக ஆபத்து ஒன்றும் நேரவில்லை. எனினும் திரும்பும் வழியில் நாமும் மனைவியாரும் பேசிக்கொள்ளவில்லை. பிள்ளைக்கு வரும் நன்மை தீமைகளைப் பட்டியலிட்ட நாம், எழுபத்து நான்கு வயதான ஒருவரின் முதுகில் அப்பட்டியல் முழுவதையும் ஏற்றி வைத்ததை எண்ணிப் பார்த்திலோம். அழைக்கப்படாத அச்சாட்சி அவரே. அழைத்திருந்தாலும் நமக்கு எதிராக ஒரு சொல்லும் சொல்லியிரார் என்பதுதான் இதிலுள்ள கொடுமை.

ஆதலின் ஊருக்கு அனுப்பவேண்டாம் என்பது நம் முடிவன்று. விருந்தாளியாக அனுப்பவேண்டாம் என்பதே நம் முடிவு. விருந்தாளிக்கு மூன்று வேளையும் பரிமாற வேண்டும். வீட்டுப் பிள்ளையோ முற்றம் கூட்டும், தண்ணீர் அள்ளும், கடைக்கு ஓடும், உண்ட கோப்பையைக் கழுவி வைக்கும். இவ்வேலைகளாலேதான் ஊர் பிள்ளைக்குச் சொந்தமாகின்றது. வெறுமனே பார்த்துச் செல்பவருக்கு அஃது ஒரு காட்சி மட்டுமே. பெற்றாரில் ஒருவர் முதல் நான்கைந்து நாள் உடன் தங்குதல் நன்று. வீட்டுச் செலவுக்கான பணத்தைக் கேளாமலே கொடுத்தல் முறை, முதியோர் கேட்கமாட்டார்கள். அவர்தம் மருந்து, கிளினிக் நாள், அயலவரின் தொலைபேசி இலக்கம் மூன்றையும் ஒரு தாளில் எழுதிப் பிள்ளையிடமே ஒப்படைத்தல் வேண்டும். பதின்மூன்று வயதுப் பிள்ளை அப்பொறுப்பைச் சுமக்க வல்லதே. படிப்புக் கெடும் என அஞ்சுவோர் காலையில் ஒரு மணி நேரம் ஒதுக்கினால் போதும்.

சென்ற தைமாதம் ஊரிலிருந்து ஒரு பொதி வந்தது. உள்ளே, மகன் தன் கையால் பாத்தியில் இட்ட விதைகளின் கிழங்குகள். அவற்றை அவன் எண்ணிப் பார்த்தே பிறருக்குப் பங்கிட்டான்.

இவ்வாண்டும் ஊருக்குப் போவதெனத் தீர்மானித்தாயிற்று. என்று புறப்படலாம் என நாட்காட்டியைப் புரட்டிக்கொண்டிருந்தபோது மகள் அருகில் வந்து நின்றாள். “அப்பா, முதலிலை அம்மம்மாவுக்குக் கோல் எடுத்து அவவின்ரை கிளினிக் நாள் எப்ப எண்டு கேளுங்கோ. அதுக்கு முதல் நாள் நாங்கள் அங்கை நிக்கவேணும்” என்றாள்.

அவ்வாறே நாள் குறித்தோம்.