தேதி தப்பினால் தளம் திறக்காது!

கல்லூரி விண்ணப்பத்துக்குக் கடைசி நாள். நெட் இருக்கிறது, ஆனால் எந்தத் தளத்துக்குப் போனாலும் ‘பாதுகாப்பானது அல்ல’ என்கிறது பிரவுசர். கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு களமருதூரிலிருந்து டவுனுக்கு பஸ் ஏறும் முன், திரை மூலையில் தேதியைப் பாருங்கள். பல வருஷம் பின்னால் காட்டுகிறதா?

இணையதளங்களின் பாதுகாப்புச் சான்றிதழுக்குத் தொடக்கத் தேதி, முடிவுத் தேதி உண்டு. உங்கள் கம்ப்யூட்டர் 2015-லேயே நின்றால், இந்த வருஷச் சான்றிதழ் அதற்குச் செல்லாது. செட்டிங்ஸில் தேதி, நேரத்தைத் திருத்துங்கள். விண்ணப்பம் போய்விடும்.

அணைத்துப் போட்டால் மறுபடி பழைய தேதியா? மதர்போர்டில் உள்ள பட்டன் செல் தீர்ந்திருக்கும். பெரும்பாலான டெஸ்க்டாப்களில் அது சி.ஆர்.2032, 3 வோல்ட். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பழைய செல் இருந்த அதே பக்கமாக மாட்டுங்கள். லேப்டாப் என்றால் மெக்கானிக்கிடம் விடுங்கள். பலவற்றில் செல் ஒயரோடு வரும். ‘ஃபார்மட் பண்ணணும்’ என்றால் மட்டும் தலையாட்டாதீர்கள். இதற்கு அது வேண்டியதே இல்லை. வீட்டு போட்டோக்கள்தான் போகும்.